சதுரத்துக்கு மூன்று இழுப்பு

சதுரத்துக்கு எத்தனை பக்கம் என்று புத்தளத்து உப்பளத்தில் பாத்தி கட்டுகிற ஆளிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வெயிலில் இப்படியும் ஒரு கேள்வியா என்று ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாலு என்பார். நாலு வரம்பு போட்டால்தான் தண்ணீர் நிற்கும். அதே சதுரத்தை ஒரு சீனப் பிள்ளையிடம் எழுதச் சொன்னால், மூன்றே இழுப்பில் முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒன்று. மேல்பக்கத்தை இடமிருந்து வலமாகப் போட்டு, கை எடுக்காமல் மூலையில் மடக்கி வலப்பக்கத்தையும் இறக்கிவிடுவது இரண்டு. அடிப்பக்கத்தை இடமிருந்து வலமாக மூடுவது மூன்று. சீனத்தில் இந்தச் சதுரத்துக்குக் ‘கோ’ என்று பெயர், ‘வாய்’ என்று பொருள். நான்கு பக்கத்தையும் நான்கு முறை தனித்தனியாகப் போட்டாலும், அடியில் தொடங்கி ஒரே சுற்றாகச் சுற்றி வந்தாலும், தாளில் கிடக்கப்போவது அதே சதுரம்தான். ஆனால் சீன ஆசிரியர் அதை வாய் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். சதுரம் சரி, எழுத்து பிழை என்பார். இந்த இடத்தில் நம்மவர்களுக்குச் சிரிப்பு வருவதில் தப்பில்லை. சிரித்து முடித்த பிறகு நான் சொல்ல வருவது இதுதான்: ஆசிரியர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளப் புத்தளம் கரையில் பிறந்தவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைப்பது கஷ்டம்.

பேனையை வைத்ததிலிருந்து எடுக்கிறவரை ஓடுகிற ஓட்டத்தை நான் கோடு என்று சொல்லாமல் இழுப்பு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடு என்பது முடிந்துபோன பொருள், இழுப்பு என்பது நடந்துகொண்டிருக்கிற வேலை. சண்டை முழுவதும் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நடக்கிறது. நம் பக்கத்தில் இழுப்பு என்றால் மூச்சிழுப்பும்தான் என்பது எனக்குத் தெரியும். ‘உப்பு’ என்ற எழுத்தைப் பழைய சீன முறையில் எழுதுகிறவர் 24 இழுப்பு இழுக்க வேண்டும், அவருக்கு இரண்டு பொருளும் ஒன்றாகவே பொருந்திவரும்.

கற்பிட்டியில் இருந்துகொண்டு சீன எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள், எரிகிற விளக்கை ஒருதரம் நிமிர்ந்து பார்க்கலாம். நுரைச்சோலை அனல் மின்நிலையம் சீனக் கடனில், சீன நிறுவனம் கட்டியது. 2011இல் முதல் 300 மெகாவாட், 2014இல் மொத்தம் 900. ‘நிலக்கரி’ என்ற எழுத்துக்கு 13 இழுப்பு, ‘மின்’ என்பதற்கு வெறும் ஐந்து. எரிப்பதற்குப் பட்ட பாட்டில் பாதிகூட வெளிச்சத்தில் தெரிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டாம். கடலட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுழியோடிகள் அள்ளிவருகிற அந்தச் சாமானை நம் வீட்டுச் சட்டியில் ஒருவரும் போடுவதில்லை. அவித்து, மணலில் புதைத்து, தோல் தேய்த்து, மறுபடி அவித்து, காயவைத்துக் கப்பலேற்றிவிடுகிறோம். வாங்கித் தின்கிறவர்களோ அதைக் ‘கடல் ஜின்செங்’ என்று கூப்பிடுகிறார்கள். நாம் அட்டை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற பிராணிக்கு அவர்கள் 18 இழுப்பு மரியாதை கொடுக்கிறார்கள். இது இன்று நேற்று வந்த உறவும் அல்ல. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா பிறகு சீனாவையும் எட்டிப் பார்த்தவர். 1409 என்று தேதியிட்டுச் சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல், சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியோடு காலியில் நாட்டப்பட்டது. அந்தக் கல்லிடம் கடைசியில் திரும்பி வருவோம், அது அங்கேயே கிடக்கட்டும். கிடந்து பழக்கப்பட்ட கல்தான்.

இனி விதிகள். புத்தகத்தில் ஏழெட்டாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள், நமக்கு நம் எழுத்துகளே போதும். ‘ட’வை எடுங்கள். மேலிருந்து கீழே இறங்கி, வலப்பக்கம் திரும்பி நிற்கிறது. சீனத்திலும் இதே வடிவம் உண்டு, அங்கேயும் ஒரே இழுப்புத்தான். இதுவரை நாமும் அவர்களும் ஒன்று. அடுத்து ‘ப’. நாம் இறங்கி, திரும்பி, அப்படியே மேலே ஏறி முடித்துவிடுகிறோம். சீனக் கை இங்கே நின்றுவிடும், ஏனென்றால் நிலைக்கோட்டைக் கீழிருந்து மேலே இழுக்கிற வழக்கம் அங்கே கிடையாது. அதனால் ‘ட’ போட்டு முடித்து, கையைத் தூக்கி, வலப்பக்கத்தில் மேலே போய், அங்கிருந்து மறுபடி கீழே இறங்க வேண்டும். ‘ப’வுக்கு இரண்டு இழுப்பு. இப்போது அந்தப் ‘ப’வுக்கு நடுவில் ஒரு கம்பம் நட்டுப் பாருங்கள், ‘மலை’ என்ற எழுத்து வந்துவிடும். ஆனால் கம்பத்தைக் கடைசியில் நடக்கூடாது. முதலில் நடுக் கம்பம், பிறகு ‘ட’, பிறகு வலக்கை. கொடிக்கம்பத்தை நட்டுவிட்டுத்தான் வேலி போட வேண்டும் என்பது விதி. கூட்டல் குறி போட்டால் அது ‘பத்து’, படுக்கைக்கோடு முந்தி, நிலைக்கோடு பிந்தி. ஒன்றுக்கு ஒரு படுக்கைக்கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று போவதைப் பார்த்துவிட்டு, சீனம் இவ்வளவுதானா என்று கொப்பியை மூடிய பணக்காரப் பிள்ளையைப் பற்றிச் சீனர்களே ஒரு பழைய கதை சொல்வார்கள். அப்பா அவனை ‘வான்’ என்ற பெயருள்ள விருந்தாளிக்கு அழைப்பு எழுதச் சொன்னாராம். வான் என்றால் பத்தாயிரம். காலையில் உட்கார்ந்தவன் பின்னேரமாகியும் ஐந்நூறு கோடு தாண்டவில்லையாம். மூன்றோடு மூடிய கொப்பியை நாலு வரைக்குமாவது படித்திருக்கலாம். நாலுக்கு நாலு கோடு கிடையாது, பெட்டி கட்டி உள்ளே இரண்டு கால் வைத்து ஐந்து இழுப்பு.

இதெல்லாம் சீனர்களுக்கே உரிய பிடிவாதம் என்று நினைப்பது நம் கையை நாமே கவனிக்காததால் வருகிறது. விஜயதசமி அன்று ஏடு தொடக்கும்போது, பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறவர் எந்த முனையில் தொடங்குகிறார் என்று பாருங்கள். சுழியில் தொடங்கி நிலைக்கோட்டில் முடிப்பார். நிலைக்கோட்டை முதலில் நட்டு, கொடியைப் பின்னால் படரவிட்டு, கடைசியில் சுழித்து முடித்தாலும் அரிசியில் அதே ‘அ’தான் கிடக்கும். ஆனால் மடியில் இருக்கிற பிள்ளை அப்படித் தொடங்கினால் சபையே ‘ஆ’ என்று பதறும். ‘கொ’வைப் பாருங்கள். வாய் முதலில் ‘க்’ என்று சொல்லிவிட்டுத்தான் ‘ஒ’வுக்கு வருகிறது. கையோ கொம்பை முதலில் போட்டு, ககரத்தை நடுவில் உட்காரவைத்து, காலைக் கடைசியில் கட்டுகிறது. முன்னால் ஒரு காவலாளி, பின்னால் ஒரு காவலாளி. காதுக்கு ஒரு வரிசை, கைக்கு இன்னொரு வரிசை. கணினி தனக்குள் வைத்திருப்பதோ காதின் வரிசையைத்தான். மெய் முந்தி, உயிர்க்குறி பிந்தி. இத்தனை தலைகீழையும் ஐந்து வயதில் கேள்வி கேட்காமல் விழுங்கிவிட்டு, நாற்பது வயதில் சீனனின் சதுரத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். புத்தளத்துப் பிள்ளைகள் இன்னும் ஒருபடி மேல். காலையில் ஓதப் பள்ளியில் வலமிருந்து இடம், பாடசாலையில் இடமிருந்து வலம் என்று ஒரே நாளில் இரண்டு திசைக்கும் கையைப் பழக்கியவர்கள். அரபிலும் சொல்லின் உடலை எழுதிவிட்டுத்தான் புள்ளிகளை மேலும் கீழும் தூவுவார்கள். அந்தப் பிள்ளையிடம் போய், ‘நாடு’ என்ற சீன எழுத்தில் உள்ளே இருக்கிற புள்ளியைப் பெட்டியை மூடுவதற்குச் சற்று முன்னால்தான் வைக்க வேண்டும் என்று சொன்னால், சரி என்று வைத்துவிட்டுப் போகும்.

பெட்டியை மூடுவது என்றேனே, அந்த விதி ஒன்றுக்காகவே இந்தக் கரைக்குச் சீனம் வந்திருக்கலாம். சீனத்தில் சுற்று மதில் உள்ள எழுத்துகளை எழுதுகிற வரிசை இது: முதலில் இடச்சுவர், பிறகு மேல்சுவரும் வலச்சுவரும் சேர்த்து, பிறகு உள்ளே இருக்க வேண்டியதெல்லாம், எல்லாம் வந்து சேர்ந்த பிறகு கடைசியாக அடிச்சுவர். ஆட்கள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்து என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். உடப்பில் கரைவலை இழுப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் நிற்பவர்கள் பிடித்துக்கொள்ள, வள்ளம் வலையை விட்டுக்கொண்டே கடலுக்குள் நேரே போகிறது. அது இடச்சுவர். தூரத்தில் வளைந்து, நடுவில் மடியை இறக்கி, மறுபக்கத்து வலையை விட்டுக்கொண்டே கரைப்பக்கம் திரும்புகிறது. அது மேல்சுவரும் வலச்சுவரும், கை எடுக்காமல் ஒரே இழுப்பு. கரையில் நின்று பார்ப்பவனுக்குக் கடலில் ஒரு ‘ப’ கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே மீன். அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கத்து ஆட்களும் அம்பாப் பாட்டோடு இழுத்து, இழுக்க இழுக்க ஒருவரை ஒருவர் நெருங்கிவந்து, கரையோரத்தில் வாயை மூடுகிறார்கள். இதில் எந்தப் படியையும் மாற்றிப் பாருங்கள், பார்க்கலாம். வாயை முதலில் மூடிவிட்டு மீனைக் கூப்பிட்டால் எந்த மீன் வரும்? தாளில் இருக்கிற மை ஓடிப்போகிற மீன் அல்லவே, பெட்டியை மூடிவிட்டும் உள்ளே எழுதலாமே என்று ஒருவர் கேட்பார். எழுதலாம். எழுதிப் பார்த்தால் தெரியும். அடிச்சுவர் எங்கே வர வேண்டும் என்பதை உள்ளே இருக்கிற கூட்டம்தான் தீர்மானிக்கிறது. முன்கூட்டியே மூடிய பெட்டிக்குள் எட்டுக் கோட்டைத் திணிக்கிறவன், கற்பிட்டி கடைசி பஸ்ஸில் ஆள் ஏற்றுகிறவனைப் போல்தான் எழுத வேண்டியிருக்கும்.

வரிசை என்பது அழகுக்காகவோ அடக்கத்துக்காகவோ வைத்ததல்ல என்பதற்கு இதைவிடக் கெட்டியான சாட்சி வேக எழுத்து. சீனர்கள் அன்றாடம் எழுதுவது அச்சில் இருப்பதுபோல் ஒவ்வொரு இழுப்பும் தனித்து நிற்கிற எழுத்து அல்ல. அவசரத்தில் ஒரு இழுப்பின் வால் அடுத்ததன் தலையோடு ஒட்டிக்கொள்ளும், நாலு புள்ளி ஒரே அலையாகிவிடும். அப்போது எந்த வால் எந்தத் தலையோடு ஒட்டுகிறது என்பது வரிசையைப் பொறுத்தது. எல்லாரும் ஒரே வரிசையில் எழுதினால் எல்லாருடைய கிறுக்கலும் ஒரே மாதிரிக் கிறுக்கலாக இருக்கும். வரிசை மாறினால் ஒட்டு மாறும், ஒட்டு மாறினால் எழுத்து வேறு. டாக்டர் எழுதிய மருந்துத் துண்டைப் பார்மசிக்காரர் எப்படி வாசிக்கிறார் என்று நாம் வியக்கிறோமே, அவர் வடிவத்தை வாசிப்பதில்லை, கை போன வழியை வாசிக்கிறார். டாக்டர் அன்றைக்கு மட்டும் எழுத்தைக் கடைசியிலிருந்து தொடங்கியிருந்தால், இருமலுக்குப் போனவர் வேறு எதற்கோ மருந்து வாங்கி வருவார். எழுத்து மறந்துபோன சீனரும் கண்ணை மூடிக்கொண்டு படத்தை நினைப்பதில்லை, உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்க்கிறார். முதல் இரண்டு இழுப்பு கிடைத்தால் மீதி தானாக வந்துவிடும், பாட்டின் முதல் அடி கிடைத்தால் மீதி வருவதுபோல. நடுவிலிருந்து தொடங்கினால் பாட்டும் வராது, எழுத்தும் வராது. இழுப்பின் எண்ணிக்கை அகராதியையும் ஆள்கிறது. 1716இல் காங்சி பேரரசர் காலத்தில் முடிந்த பேரகராதி, 47,000க்கு மேற்பட்ட எழுத்துகளை 214 தலைப்பின் கீழ் இழுப்பு எண்ணித்தான் அடுக்கியது. சதுரத்துக்கு நாலு என்று எண்ணுகிறவர் அதில் வாயைத் தேடிப்போனால் அடுத்த வீட்டில்தான் போய்த் தட்டுவார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் வந்ததும் இந்தக் கணக்கில்தான். வழக்கப்படி முதலில் வந்த கிரேக்கத்துக்குப் பின்னால், பெயரின் முதல் எழுத்துக்கு இரண்டே இழுப்பு உள்ள கினி வந்தது. ஆங்கில அகரவரிசையில் எப்போதும் முந்திக்கொள்கிற அவுஸ்திரேலியா கடைசிக்கு மூன்றாவதாக நின்றது. இலங்கையின் முதல் எழுத்துக்கு 12 இழுப்பு.

இருந்தும், முடிவு ஒன்றாக இருக்கும்போது வழியைப் பற்றி என்ன என்று கேட்பவர் வாயை இதனால் மூட முடியாது. அது நாலு பக்கம் உள்ள வாய். அவருக்கு நான் சொல்வது, நீங்களே உங்கள் வாழ்க்கையில் அப்படி நினைப்பதில்லை என்பதுதான். ஒரு விண்ணப்பத்துக்கு நாலு கையொப்பம் வேண்டும் என்றால், நாலும் இருந்தால் போதாதா? கச்சேரிப் படி ஏறிய எவரையும் கேளுங்கள். கிராம உத்தியோகத்தர் போட வேண்டிய இடத்துக்கு முன்னால் மேலே இருக்கிறவர் போட்டுவிட்டால், நாலு கையொப்பமும் இருக்கிற அந்தத் தாள் செல்லாது. இன்னொரு நல்ல சாட்சி, பெயர்ப்பலகை. 2021 மே மாதம் சட்டமா அதிபர் திணைக்களத்தில் சீன உதவியோடு அமைந்த மின் நூலகத்துக்கு ஒரு பலகை வைத்தார்கள். சிங்களம், ஆங்கிலம், சீனம். தமிழைக் காணோம். நாடே கேட்டது, பலகை கழன்றது. அன்றைக்கு யாரும், பொருள் விளங்கினால் போதாதா, எது மேலே எது கீழே என்பதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. 612 வருடத்துக்கு முன் அதே சீனர்கள் தங்கள் எழுத்தோடு தமிழையும் வெட்டிக் கப்பலேற்றினார்கள் என்பதை நினைத்தால், கல் சுமந்த காலத்தில் இருந்த நினைவு கணினி வந்த காலத்தில் கழன்றுவிட்டது போலிருக்கிறது. பலகையில் வரிசை பார்க்கிற நாம், எழுத்தில் வரிசை பார்க்கிறவனைப் பார்த்துப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. நுரைச்சோலையையே கேட்கலாம். 2020 ஆகஸ்டில் நாடு முழுக்க மின்சாரம் நின்றபோது, அந்த நிலையத்தைத் திரும்ப ஓடவைக்க நாட்கணக்கானது. ஒரு விசையை அமுக்கினால் எழும்புகிற சாமான் அல்ல அது. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதில்தான் 900 மெகாவாட்டும் அடங்கியிருக்கிறது. இருட்டில் இருந்தபோது நாமும் அதை ஒத்துக்கொண்டோம்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. இப்போது யார் கையால் எழுதுகிறார்கள்? ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டினால் போன் பத்து எழுத்தை வரிசையாக நிறுத்தும், பொருத்தமானதைத் தொட்டால் சரி. உண்மைதான், சீனர்களே இதனால் எழுத்தை மறந்துகொண்டிருக்கிறார்கள். தூரிகையை எடுத்ததும் எழுத்து மறப்பது என்று அதற்கு ஒரு சொல்வழக்கே வைத்திருக்கிறார்கள். 2013இல் சீன அரசுத் தொலைக்காட்சி எழுத்துப் போட்டி ஒன்றை நடத்தி, தேரை என்ற சாதாரணப் பிராணியின் பெயரைக்கூடப் பெரியவர்கள் பலர் எழுதமுடியாமல் முழிப்பதை நாடு முழுக்கக் காட்டியது. 2021இல் வெளிநாட்டவருக்காகச் சீனா வகுத்த தேர்ச்சித் தரத்திலும், 3,000 எழுத்தை வாசிக்கத் தெரிந்தால் 1,200ஐக் கையால் எழுதத் தெரிந்தால் போதும் என்று இறங்கிவந்துவிட்டார்கள். ஆனால் இந்தச் சாட்சி எந்தப் பக்கம் பேசுகிறது? கை விட்ட எழுத்தைத்தான் மூளை மறக்கிறது என்றல்லவா சொல்கிறது! பெய்ஜிங் பிள்ளைகளை வைத்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு, சீனம் வாசிக்கிற திறமை எழுதுகிற திறமையோடு நெருக்கமாகப் போகிறது என்று கண்டது. எது எதற்குக் காரணம் என்பதில் ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போடலாம், அவர்களுக்கும் வேலை வேண்டும். போனிலேயே ஒலி தெரியாத எழுத்தைத் தேடுவதற்கு ஐந்து வகை இழுப்பை மட்டும் வைத்துத் தட்டச்சு செய்கிற முறையும் உண்டு. அதில் வரிசை பிழைத்தால், கேட்ட மீன் கிடைக்காமல் வேறு ஏதோ மாட்டும்.

மூன்றாவது ஆட்சேபந்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் உண்மை நிறைய இருக்கிறது. சரியான வரிசை என்கிறீர்களே, யாருடைய வரிசை? ‘அரசன்’ என்ற எழுத்தில் மூன்று படுக்கைக்கோடு, நடுவே ஒரு நிலைக்கோடு. சீனாவில் இரண்டு படுக்கைக்கோட்டைப் போட்டுவிட்டு நிலைக்கோட்டை இறக்குவார்கள், ஜப்பானில் ஒன்றைப் போட்டவுடனேயே இறக்கிவிடுவார்கள். அரசனுக்கு எப்போது முதுகெலும்பு வைப்பது என்பதிலேயே இரண்டு தேசத்துக்கும் ஒத்துவரவில்லை. ‘இடது’, ‘வலது’ என்ற இரண்டு எழுத்துக்கும் தலைப்பகுதி ஒன்றுதான். சீனர் இரண்டையும் படுக்கைக்கோட்டில் தொடங்குகிறார், ஜப்பானியரோ இடதைப் படுக்கைக்கோட்டிலும் வலதைச் சாய்ந்த இழுப்பிலும் தொடங்குகிறார். சீனாவுக்குள்ளேயே 7,000 எழுத்துக்கு வரிசையைச் சட்டமாக வகுத்தது 1997இல்தான். எழுத்துகளையே 1956 முதல் சுருக்கிவிட்டார்கள். பழைய ‘குதிரை’க்கு 10 இழுப்பு, அடியில் நாலு புள்ளி நாலு கால். புதிய குதிரைக்கு மூன்று இழுப்பு, நாலு காலுக்கும் சேர்த்து ஒரே கோடு. வில்பத்துக் கரையில் நம் குதிரைமலை காலத்துக்கும் அதே இடத்தில் நிற்கிறது, அவர்கள் குதிரை ஒரு தலைமுறையில் கால் இழந்துவிட்டது. இவ்வளவு மாறுகிற ஒன்றைச் சரி, பிழை என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பேன். இலங்கையில் வாகனம் இடப்பக்கம் போகிறது, சீனாவில் வலப்பக்கம். இரண்டும் சரி. புத்தளம் வீதியில் ஒருவர் சீன முறைதான் சரி என்று வலப்பக்கம் ஓட்டினால், அவரோடு வாதம் பண்ண எதிரே வருகிற லொறிக்கு நேரம் இருக்காது. எந்த வரிசை என்பது ஊர் முடிவு, ஏதோ ஒரு வரிசை வேண்டும் என்பது கையின் முடிவு. இதை மறந்து வரிசையையே வேதமாக்குகிறவர்களும் உண்டு. சீன எழுத்தாளர் லூ சுன் 1919இல் வெளியிட்ட ‘கொங் யீஜி’ கதையில், பரீட்சையில் தோற்று, சாராயக் கடையில் கடன் சொல்லி நிற்கிற ஒரு படிப்பாளி, ‘சோம்பு’ என்ற எழுத்தை நாலு விதமாக எழுதத் தெரியும் என்று கடைப் பையனிடம் பெருமையடிக்கிறார். நான் அவர் கட்சி அல்ல. ஒரே விதமாக எழுதினால் போதும், கடனையும் அடைத்துவிடலாம்.

இடக்கைக்காரர்களுக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் கிடையாது. இந்த வரிசையும் திசையும் வலக்கைக்காக வளர்ந்தவை. வலக்கை இழுக்கிற படுக்கைக்கோட்டை இடக்கை தள்ள வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு இது இழுப்பு அல்ல, தள்ளுப்பாடு.

காலிக் கல்லுக்கு வருவோம். கடைசி ஆட்சேபத்தை எனக்கு எதிராக அதுதான் வைத்திருக்கிறது. செதுக்குகிறவன் வரிசையா பார்த்தான்? மையால் எழுதிக் கொடுத்ததை உளியால் எந்த மூலையிலிருந்தும் கொத்தலாம். ஆக, கல்லில் இருப்பது இழுப்பு அல்ல, வெறும் வடிவந்தான் என்று சொல்லலாம். ஆனால் சீனப் பேரரசரின் ஆட்சிப் பெயர் அதில் இருக்கிறது, யொங்லெ. ‘யொங்’ என்றால் நிரந்தரம். தூரிகை பழகுகிறவர்களுக்கு நூற்றாண்டுகளாக முதலில் கொடுக்கிற பயிற்சி எழுத்து அதுதான், ஏனென்றால் எழுதுவதற்கு வேண்டிய எட்டு அடிப்படை வித்தையும் அந்த ஒன்றில் இருக்கிறது. இன்றைய கணக்கில் இழுப்பு ஐந்துதான், வித்தை எட்டு. மேலே புள்ளி, பிறகு மடங்கி இறங்கிக் கொக்கியாகிற நடுத்தண்டு, பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். பயின்றவர் விரல் வைத்தால், உளி எங்கே தொடங்கியது என்பதைப் பற்றிக் கவலையில்லாமல் தூரிகை போன வழியே போகும். ‘மலை’யும் அங்கே இருக்கிறது, சீனர்கள் அன்று இந்தத் தீவைச் ‘சீலன் மலை’ என்றுதான் எழுதினார்கள். 1911இல் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தபோது அந்தக் கல் காலியில் மதகு ஒன்றை மூடிக் குப்புறக் கிடந்தது. ஐந்நூறு வருடத்தில் தமிழும் பாரசீகமும் அதிகமாகத் தேய்ந்துபோக, சீனம்தான் நன்றாகத் தெரிகிறது. வரிசை ஒழுங்காக எழுதியதற்கு இது பரிசு என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்பதைப் பொறுத்த விஷயம் அது.

இவ்வளவு வாதாடிய பிறகு ‘உப்பு’ என்ற எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், உப்பளத்துக்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். புதிய முறையில் 10 இழுப்பு. மேலே இடப்பக்கம் ‘மண்’ என்ற எழுத்து, மூன்று இழுப்பு. பக்கத்தில் ஒரு நிலைக்கோடும் புள்ளியும். அடியில் பாத்திரம், ஐந்து இழுப்பு. உப்பில் மண் இருக்கிறதா என்று பிடியில் அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து விலை குறைக்கிற வியாபாரிகளுக்கு நடுவில், மண்ணோடு சேர்த்தே எழுதுகிற நாட்டை என்ன சொல்வது! அதைக்கூட விட்டுவிடலாம். பாத்தி கட்டுகிறவர் முதலில் செய்வது தரையை மட்டமாக்கி, மிதித்து இறுக்கி, தண்ணீர் கீழே இறங்காதபடி கெட்டிப்படுத்துவது. பிறகுதான் வரம்பு, பிறகுதான் நீர், கடைசியில்தான் உப்பு. சீன எழுத்திலோ மண்ணைக் கொட்டி, உப்பைக் கொட்டி, பாத்திரத்தின் சுவர்களை எழுப்பி, உள்ளே இரண்டு நிலைக்கோட்டையும் இறக்கி, எல்லாம் முடிந்த பிறகுதான் பாத்திரத்துக்கு அடித்தட்டு போட வேண்டும். பத்தாவது இழுப்பு. அதுவரை உப்பெல்லாம் எங்கே நிற்கிறது என்று பாத்திக்காரர் கேட்டால், அவருக்கு முன்னால் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக, நீளமாக, அந்தக் கடைசிக் கோட்டை இழுத்துக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.